பதினேழாம் தேதி வீடு

"ஏன் ஆரோக்கியம், நீ அல்லேலூயாவுக்கு மாறிட்டயாமே?"

எதிர்வீட்டுச் சிவனம்மாள் இப்படிக் கேட்டபோது ஆரோக்கியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உருவிக்கொண்டிருந்தாள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்லலாம். மூன்று வருடமாக அவளுடைய வலது கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பார்க்கின்சன் என்றார், தெரு நடுக்குவாதம் என்றது. கீரைக் கொத்தைப் பிடித்து முறத்துக்கு மேலே நீட்டினால் போதும், பாதி இலை தானாகவே உதிர்ந்துவிடும்.

"யாரு சொன்னாக்கா?"

"யாரு சொல்லல? எனக்கு என்ன வந்துச்சு, நான் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்குறவ. உங்க சாமிக்குள்ள நீங்க எங்கிட்டு மாறினாத்தான் என்ன. ஆனா அந்த லிடியா டீச்சரு மூஞ்சியப் பாக்கணுமே, அவுக வீட்டுல எழவு விழுந்த மாதிரி வச்சிருக்காக."

கத்தோலிக்கத் தெருவில் ஒரு பெண் ஒரு வாரம் செபமாலைக்கு வராவிட்டால் காய்ச்சல் என்பார்கள். ஒரு மாதம் வராவிட்டால் வீட்டில் சண்டை என்பார்கள். பல மாதம் வராமல், காதில் தோடும் இல்லாமல், ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நன்மை அப்பம் வாங்குவதற்கு முன்னாலேயே எழுந்து போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெந்தேகோஸ்தே சபைக்காரர்கள் அவளைப் பிடித்துவிட்டார்கள். அங்கே மாதா சுரூபம் கிடையாது, செபமாலை கிடையாது, நகை கிடையாது. எல்லாம் பொருந்திவந்தது.

தோட்டைக் கழற்றி வைத்தது, நடுங்குகிற கையால் திருகாணியை மாட்ட முடியாமல். மற்றதெல்லாம் மூத்திரத்தால்.

ஆரோக்கியம்மாள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இல்லை என்றால் பிறகு ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டாள். சபை மாறினவள் என்றால் திட்டுவார்கள். சேலையோடு போகிறவள் என்றால் மூக்கைப் பொத்துவார்கள். அதற்குத் திட்டு வாங்குவதே தேவலை.

அந்த நேரம் பார்த்து அடிவயிற்றில் முட்டியது. முறத்தைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"இந்தா, செத்த நேரம் உக்காந்து பேசக்கூட மாட்டேங்குற. அந்தச் சபையில பேசக் கூடாதுன்னு சொல்லிருக்காகளா?"

"அடுப்புல பால் இருக்குக்கா."

அடுப்பில் பூனைகூட இல்லை.

முட்டின நேரத்திலிருந்து செபத்தில்தான் கணக்கு. ஒரு அருள் நிறைந்த மரியே, இரண்டு அருள் நிறைந்த மரியே. பொங்கல் சமயத்தில் பத்து முழுசாகச் சொல்லும்வரை தாங்கியது. இப்போது ஏழு. கக்கூஸ் பின்வாசலைத் தாண்டி. நடையில் மூன்று போய்விடும். பின்வாசல் நிலைப்படிக்கு வந்தால் இரண்டு காலும் தரையில் ஆணி அடித்தது போல ஒட்டிக்கொள்ளும். அந்த நிலைப்படியில் நின்றுகொண்டே வாய்க்குள் வேகவேகமாகச் செபம் ஓடும். எட்டாவது செபத்துக்குள் கால் பெயர்ந்தால் மானம் பிழைக்கும். அன்றைக்குப் பிழைக்கவில்லை.

இந்த உடம்பா அந்த உடம்பு என்று அவளுக்கே நம்ப முடியாது.

வத்தலக்குண்டு ரோட்டு நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். நாற்பது பெண்களுக்கு ஒரு டோக்கன். டோக்கன் கையில் இருந்தால்தான் கக்கூஸுக்குப் போகலாம். சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பான். ஆரோக்கியம்மாள் அந்த டோக்கனைத் தொட்டதே இல்லை. காலை ஷிப்ட்டுக்கு வீட்டில் போய்விட்டு வந்தால் மறுபடி வீட்டில்தான். மற்றவர்கள் நெளிந்துகொண்டு நிற்கும்போது இவள் சிரிப்பாள். வேளாங்கண்ணிக்கு வேனில் போனபோது டிரைவர் ஆம்பளைகளுக்காக நாலு இடத்தில் நிறுத்தினான், பொம்பளைகளுக்காகத் தஞ்சாவூரில்தான் நிறுத்தினான். வேனே துடித்துக்கொண்டு இறங்கி ஓட, இவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலை தின்றாள். "ஆரோக்கியத்துக்கு வயித்துக்குள்ள சிமிண்டுத் தொட்டி கட்டி வச்சிருக்குடி" என்று கேலி செய்தார்கள். அதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு பெருமை.

அதைவிடப் பெருமை அக்டோபர் மாதம்.

செபமாலை மாதம் முழுவதும் மாதா சுரூபம் தெருவில் வீடு வீடாகப் போகும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து, தொடக்கத்து மூன்றோடு ஐம்பத்து மூன்று மணி, மணிக்கு ஒரு செபம், கடைசியில் நீளமான மாதா பிரார்த்தனை. முன்னால் சொல்கிறவர் பாதி சொல்ல, கூட்டம் மீதியைச் சொல்லும். இந்தத் தெருவில் முன்னால் சொல்கிற குரல் ஆரோக்கியம்மாளுடையதுதான். பகல் ஷிப்ட் விட்டு வரும் பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சோடு அப்படியே வந்து முழங்காலில் நிற்பார்கள். மின்வெட்டு நாட்களில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லார் தலையும் நரைத்த மாதிரி தெரியும். வெளியே ஐப்பசி மழை. அவள் புருசன் மிக்கேல்ராஜ் வாசலில் குடைகளை வாங்கி அடுக்குவான். அவள் புத்தகம் இல்லாமல், தண்ணீர் குடிக்காமல், சிமிண்டுத் தரையில் முழங்கால் போட்டபடி கடைசிவரை சொல்லுவாள். குரல் தெருக்குழாய் வரைக்கும் கேட்கும். குழாயில் குடம் வைத்த பேகம்பூர் சைனம்பு ஒருமுறை, "நீங்க முடிக்குற நேரத்துக்கு எனக்கு நாலு கொடம் ரொம்பிருதுக்கா" என்றாள்.

பதினேழாம் தேதி அவள் வீடு. இருபத்தெட்டு வருடமாக அது மாறியதில்லை. மிக்கேல்ராஜை அடக்கம் செய்து நாலாம் நாள்கூட மாதா வந்தாள். அன்றைக்கும் இவள்தான் முன்னால் சொன்னாள். மூன்றாம் பத்தில் குரல் உடைந்தது, நிறுத்தவில்லை.

இந்தத் தொல்லை தொடங்கியபோது உடம்புச் சூடு என்று நினைத்தாள். திண்டுக்கல்லில் எந்த வியாதிக்கும் முதல் பெயர் சூடுதான். சிவனம்மாளிடம், "நீர்க்கடுப்பு மாதிரி இருக்குக்கா" என்று பாதி சொன்னாள். இளநீர், வெந்தயத் தண்ணீர், பார்லிக் கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு என்று வரிசையாக வந்தது. குடிக்கக் குடிக்க வெள்ளம் கூடியது. பிறகு ஒரேயடியாகத் தண்ணீரை நிறுத்தினாள். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர்தான். அப்போது எரிச்சலும் சேர்ந்துகொண்டது. மகளோடு மாத்திரை வாங்கப் போனால் டாக்டரிடம் கை நடுக்கத்தை மட்டும் காட்டுவாள். கீழே நடப்பது வேறு வியாதி, அதை ஆம்பளை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

அந்த மகள் ஷைனி, அக்டோபர் மூன்றாம் தேதி சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக் கட்டிலில் எறிந்தாள். அந்த வம்சத்திலேயே முதல் பட்டம் வாங்கியவள், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வாய் கொஞ்சம் நீளம்.

"அம்மா, ஒரே கேள்வி. மாறிட்டயா?"

"என்னடி?"

"மாறிட்டா மாறிட்டேன்னு சொல்லு. உன் இஷ்டம். சட்டத்துல இடம் இருக்கு, எவளும் உன்னைக் கேக்க முடியாது. ஆனா பெத்த மக நான், லிடியா டீச்சர் சொல்லியா தெரிஞ்சுக்கணும்?" போனை நீட்டினாள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில், மாதா எந்தத் தேதி எந்த வீடு என்று லிடியா டீச்சர் போட்ட இந்த வருடப் பட்டியல். பதினாறு லிடியா டீச்சர் வீடு. பதினேழு பக்கத்து வீட்டு மலர்விழி. ஆரோக்கியம்மாள் பெயரே இல்லை. "ஏன்னு போன் போட்டுக் கேட்டா, 'உங்கம்மா அந்தச் சபைக்குப் போயிட்டாங்க, அவங்க வீட்டுல மாதாவை வச்சு அவமானப்படுத்த முடியாது'ங்குறாங்க. நீ பின்வாசல்ல நின்னு அந்தச் சபைக்காரங்க மாதிரி அந்நிய பாஷை பேசுறயாம்! மலர்விழி அக்கா காதால கேட்டுச்சாம்!"

பின்வாசல் நிலைப்படியில் காலைப் பெயர்க்க ஓட்டுகிற செபம், சுவருக்கு அந்தப் பக்கம் அந்நிய பாஷையாகப் போயிருக்கிறது. ஆரோக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். இந்த வியாதி முகத்தை இறுக்கி வைத்ததிலிருந்து அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மகள் உர்ரென்று, "சட்டத்துல இடம் இருக்கு" என்று நின்ற கோலம் நினைப்புக்கு வர, சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கியது. கூடவே அதுவும் வந்துவிட்டது.

"தண்ணியக் கொட்டிட்டயா?" என்று ஷைனி குனிந்தாள். அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் பரவியதைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் ஓட.

"எத்தனை நாளா?"

"பொங்கல்லருந்து."

"பொங்கல்லருந்தா! இது அக்டோபர்மா!"

ஷைனி தரையைத் துடைத்தாள். கட்டிலுக்கு அடியில் கிழித்து மடித்து ஒளித்து வைத்திருந்த பழைய சேலைத் துண்டுகளை இழுத்து வெளியே போட்டாள். ஒன்றிரண்டு இன்னும் ஈரம்.

"இம்புட்டையும் ஒத்தையிலயா தொவச்சிக் காயப்போட்ட? ஏம்மா? நான் செத்தா போனேன்?"

"என்னத்தச் சொல்லச் சொல்ற."

"மூத்திரம் நிக்கலைன்னு சொல்லு! வாயில வராதா? எட்டு மணி நேரம் அடக்குனேன், டோக்கனைத் தொடலைன்னு மட்டும் ஊரெல்லாம் சொல்லத் தெரியுதுல்ல? நாப்பது பேருக்கு ஒரு டோக்கன் வச்ச நாயிகளச் செருப்பால அடிக்காம, அடக்குனதை ஒரு பெருமைன்னு..."

"கத்தாதடி. சிவனம்மா காதை இங்கதான் வச்சிருப்பா."

"கேக்கட்டும்!"

ஆனால் குரலைத் தணித்துக்கொண்டாள்.

டாக்டர் இரண்டு நாள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது வேற வியாதி இல்லம்மா. கை நடுங்குற அதே வியாதிதான். மூத்திரப்பை நிறையுமுன்னயே அவசரம்னு கத்துது, பொறுன்னு சொல்ற இடம் மூளைல பழுதாயிருக்கு. நெறையப் பேருக்கு வரும். நீங்க தண்ணிய வேற நிறுத்திக் கிருமியையும் சேத்துக்கிட்டீங்க."

கிருமிக்கு மாத்திரை எழுதினார். பகலில் தண்ணீர் குடிக்கச் சொன்னார், சாயங்காலத்துக்கு மேல் குறைக்கச் சொன்னார், காப்பி வேண்டாம் என்றார். முட்டுதோ இல்லையோ, இரண்டு மணிக்கொரு தரம் போய் உட்கார வேண்டும்.

"நின்னுருமாய்யா?" என்று ஆரோக்கியம்மாள் கேட்டாள்.

"கொறையும். முழுசா நின்னுரும்னு நான் சொல்ல மாட்டேன்."

பத்து நாளில் எரிச்சல் போனது. ஏழு என்பது பன்னிரண்டானது. சில நாள் பதினைந்து. ஷைனி போனில் மணியடிக்கும்படி வைத்திருந்தாள். அடித்ததும் ஆரோக்கியம்மாள் மில் சங்கு கேட்டது போல எழுந்து போவாள். பின்வாசல் தரையில் ஷைனி சிவப்பு டேப்பைக் குறுக்குக் குறுக்காக ஒட்டினாள். கோட்டைத் தாண்டு என்று கண் சொன்னால் கால் கேட்குமாம். சில நேரம் கேட்டது.

கேட்காதது பட்டியல்தான். மாதா ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்துகொண்டிருந்தாள். சாயங்காலமானால் தூரத்திலிருந்து செபச் சத்தம் வரும். மலர்விழிதான் இப்போது முன்னால் சொல்கிறாள். புத்தகத்தைப் பார்த்து, தடுக்கித் தடுக்கி. இரண்டாம் பத்தில் ஒரு மணியை விழுங்கிவிடுகிறாள். ஆரோக்கியம்மாள் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த விழுங்கிய மணியைத் தனியாகச் சொல்லி நிரப்புவாள்.

"குரூப்புல நான் ஒரு வாய்ஸ் போடுறேன். ஒரு நிமிசம் போதும்" என்றாள் ஷைனி.

"ஒன் கால்ல விழுறேன், போடாத."

"அப்பப் பதினேழாம் தேதி?"

மாதா இந்த வருடம் வாசலைத் தாண்டிப் போனால் அடுத்த வருடமும் போவாள். அதற்கடுத்த வருடம் குரல் இருக்குமா, கால் இருக்குமா, யாருக்குத் தெரியும்.

பதினாறாம் தேதி சாயங்காலம் அவளே கிளம்பினாள். போய் உட்கார்ந்துவிட்டு வந்து, தோட்டை எடுத்து மகளிடம் நீட்டினாள். "மாட்டிவிடு."

லிடியா டீச்சர் வீட்டு ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். ஆரோக்கியம்மாள் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள். வாசலோரம் உட்கார்ந்தாள். மலர்விழி அன்றைக்கு இன்னும் அதிகமாகத் தடுக்கினாள். நான்காம் பத்தில் முட்ட ஆரம்பித்தது. பல்லைக் கடித்தாள். பிரார்த்தனை முடிந்ததும் லிடியா டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. குழந்தைகளிடம் பேசுகிற மாதிரிதான் எல்லாரிடமும் பேசுவார்.

"நாளைக்கு மலர்விழி வீடு. ஆறரைக்கு எல்லாரும் வந்துரணும்."

"நாளைக்கு எங்க வீடு" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"நீங்கதான் இப்ப அந்தச் சபைக்கு..."

"நான் எந்தச் சபைக்கும் போகல டீச்சர். எனக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்குது."

யாருக்கும் கேட்கவில்லை. இந்த வியாதி குரலையும் பாதி தின்றிருந்தது. "என்னது? என்ன சொல்றாங்க?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள். ஒருமுறை சொல்லவே ஒன்பது மாதம் ஆனது, இதில் இரண்டாந்தரம் வேறு. ஆரோக்கியம்மாள் மூச்சை இழுத்தாள்.

"எனக்கு மூத்திரம் நிக்க மாட்டேங்குதுன்னேன்! அதான் வரல!"

அது பழைய குரல். தெருக்குழாய் வரைக்கும் போயிருக்கும்.

மலர்விழி பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் லிடியா டீச்சர்.

"சொல்லிருந்தா உங்க வீட்டு சோபாவுல உக்காரவிட்டிருப்பீங்களா டீச்சர்?"

லிடியா டீச்சர் சோபாவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "யோசிச்சிருப்பேன்" என்றார்.

ஷைனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்குப் பதினெட்டு வந்தாப் போதும். சுண்டலுக்கு இன்னும் ஊறக்கூடப் போடல" என்றாள் மலர்விழி அவசரமாக. "அக்காவே முன்னால சொல்லட்டும். இந்த வாசிப்பு என்னால ஆகாது சாமி."

"அம்பத்து மூணு மணி தாங்குமா?" என்று லிடியா டீச்சர் கேட்டார்.

"தாங்காது."

"பின்ன?"

"எந்திரிச்சிப் போவேன். வருவேன். இப்பயும் போகணும், பாத்ரூம் எங்கிட்டு இருக்கு?"

மறுநாள் மழை விட்டிருந்தது. வீட்டுக்குள் சாம்பிராணி வாசனை. சுண்டல் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சீப்புச் சிறுமலைப் பழம். மாதா மேசையில் நின்றாள், காலடியில் ஷைனி கட்டின கனகாம்பரம். ஆரோக்கியம்மாளுக்கு முழங்கால் போட முடியாது; நாற்காலியில் உட்கார்ந்து தொடங்கினாள். கை நடுங்கியதில் செபமாலை கிணுகிணுத்தது. முதல் பத்து, இரண்டாம் பத்து. புத்தகம் வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடினால் தலையில் பஞ்சு ஒட்டிய பெண்கள் வரிசையாக இருந்தார்கள். பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை. மிக்கேல்ராஜ் வாசலில் குடையை உதறிக்கொண்டிருந்தான். மூன்றாம் பத்து முடியும்வரை அவர்களோடேயே இருந்தாள். பிறகு முட்டியது.

எழுந்தாள். எல்லாரும் பார்க்க நடந்தாள். பின்வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. சிவப்பு டேப்பைப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

"வேடிக்கை பாக்காதீங்க, எதையாவது சொல்லுங்க!" என்று ஷைனி கத்தினாள்.

லிடியா டீச்சர் மரியே வாழ்க பாட்டை எடுத்துக் கையைத் தட்டினார். முப்பது பேர் தட்டினார்கள். தாளத்துக்கு வலது கால் பெயர்ந்தது, அடுத்து இடது. கக்கூஸ் கதவுக்கு இரண்டடி முன்னால் சேலை நனைந்தது.

நடுங்கும் கையோடு இன்னொரு சேலை கட்டினால் கால் மணி நேரம் ஆகும். ஷைனி தன்னுடைய நீல நைட்டியைத் தலைவழியே மாட்டிவிட்டாள்.

"மாதா முன்னாடி நைட்டியோடயாடி?"

"மாதா பொம்பளைதான? புரியும். வா."

நைட்டியோடு செபமாலைக்கு வரக் கூடாது என்பது லிடியா டீச்சர் போட்ட சட்டம். போன வருடம்கூட ஒருத்தியைத் திருப்பி அனுப்பினார். ஆரோக்கியம்மாள் உள்ளே வந்தபோது எல்லார் கண்ணும் நைட்டிக்கும் டீச்சருக்குமாகப் போய்ப் போய் வந்தது. டீச்சர் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எழுந்து நாற்காலியைத் துடைத்து, சரியாகப் போட்டார்.

"நாலாம் பத்து இன்னும் ஆரம்பிக்கல" என்றார்.

ஆரோக்கியம்மாள் உட்கார்ந்து தொடங்கினாள். களைப்பில் குரல் உள்ளுக்குள் போயிருந்தது.

"கேக்கலையே" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"கேக்கலைன்னா முன்னாடி வந்து உக்காரு" என்றார் லிடியா டீச்சர்.